தூத்துக்குடிக்கு நான் போன காரணம்

பெரம்பலூரில் ‘பேராசிரியர் வீடு’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் என் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நான் பொருளியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். நிச்சயதார்த்தங்களில் பத்திரிகை வாசிக்க என்னைத்தான் அழைப்பார்கள். பங்காளிச் சண்டை என்றால் வக்கீலிடம் போகுமுன் என்னிடம் வருவார்கள். இப்போது என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றைச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஒரே மகன் ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டு வீட்டைவிட்டுப் போனான். சாதியும் வேறு, மதமும் வேறு. அவன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு கிடையாது. ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. “எந்தக் கம்பெனி சார்?” என்பதோடு விட்டுவிட்டார்கள்.

பிறகு என் மனைவிக்கு நோய் வந்தது. வயிற்றுக் கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது என்று சொல்லித் திருச்சி மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சியும் இறங்காத நிலையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மகனைப் பார்க்க வேண்டும். அவனுடைய பழைய கைபேசி எண் இயங்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைக்கு நிலக்கரி ஏற்றிவரும் லாரி டிரைவர். வாசலிலேயே நின்றார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிய தூத்துக்குடியில பாத்தேங்க. மீன் கம்பெனிப் பக்கம், டீக்கடையில.”

“அவன் சிங்கப்பூர்ல இருக்கான். அது வேற யாராவது இருக்கும்.”

“இருக்கும் சார். ஆனா என்னயப் பாத்ததும் அவரு டீயக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு.”

உள்ளேயிருந்து என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “போய்ட்டு வாங்க. அம்மா கூப்புடுறான்னு மட்டும் சொல்லுங்க, வந்துடுவான்” என்றாள்.

தூத்துக்குடி எனக்குத் தெரிந்த நகரம் என்றே எண்ணியிருந்தேன். துறைமுக நகரப் பொருளாதாரத்துக்கு அதைத்தான் ஆண்டுதோறும் உதாரணமாக நடத்தினேன். துறைமுகம், உப்பு, மீன், அனல்மின்சாரம், இவற்றை நாடிச் சுற்று வட்டாரத்திலிருந்து வந்து சேரும் இளம் தொழிலாளர்கள். இடப்பெயர்வைக் கரும்பலகையில் அம்புக்குறிகளாக வரைந்து காட்டுவேன். ஆனால் அந்த நகரத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

பாடம் பொய்யில்லை. சாலையின் இருபுறமும் உப்பளங்கள் கண் கூசின. கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. மீன் பதனிடும் கம்பெனிகளின் வேன்கள் கிராமத்துப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கின. ஒரு சந்து முழுக்க ஒடிசாக்காரப் பையன்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெரம்பலூரில் ‘யார் மகன்’ என்று கேட்டால் மூன்று தலைமுறைக் கதை வந்து விழும். அங்கே நான் ஒருவனைத் தேடுகிறேன் என்றால், “எந்த ஷிப்டு?” என்கிறார்கள். 

மகன் வணிகவியல் முதுகலை படித்தவன். எனவே கப்பல் சரக்கு அலுவலகங்களில்தான் இருப்பான் என்று கணித்து, மாடி மாடியாக ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. கடைசியில் டிரைவர் சொன்ன டீக்கடைக்குப் போனேன். கடையை நடத்தியவர் நடுவயதுப் பெண்மணி. மகனின் பட்டமளிப்பு விழாப் படத்தை நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என் வெள்ளை வேட்டியையும் மோதிரத்தையும் பார்த்தார்.

“எங்க இருந்து வாரிய?”

“திருச்சிப் பக்கம்.”

“இந்தப் பிள்ளைக்கு நீங்க யாரு?”

எங்கள் ஊர் லாரிகள் நிற்கும் கடை அது. அங்கே ஒரு சொல் சொன்னால் எனக்கு முன்னால் அது பெரம்பலூர் போய்ச் சேரும். “வேண்டியவன்” என்றேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேன் சிரித்தார். “வேண்டியவங்கதான அண்ணாச்சி வெட்டவே வாராவ! வேண்டாதவன் எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாரான்?”

“நீ சும்மா கெட” என்று அவரை அதட்டிவிட்டு, அந்தப் பெண்மணி என்னிடம், “அப்படி யாரையும் நான் பாத்ததில்லய்யா. டீக்குக் காசு வேண்டாம், நீங்க கெளம்புங்க” என்றார்.

விடுதியில் தங்கினேன். மறுநாள் காலை வேறு போக்கிடமின்றி அதே கடைக்குத்தான் போனேன். மனைவியைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை, “அண்ணே, அண்ணிக்குப் பேச்சு கொழறுது, அவன் அங்க இருக்கானா இல்லையா?” என்று போனில் கேட்டிருந்தாள். கடை வாசலில் நின்றபடி, உரக்கவே சொன்னேன்: “நான் அவனுடைய அப்பா. அவன் அம்மா சாகக் கிடக்கிறாள்.”

அந்தப் பெண்மணி கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தார்.

“இத நேத்தே சொல்லிருக்கலாம்லா?”

என் மகன் அருகிலிருந்த ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கியிருக்கிறான். பெரிய மனிதர் ஒருவர் தேடி வந்திருக்கிறார், யாரென்று சொல்ல மறுக்கிறார் என்று முந்தைய நாளே அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சம்பளத்தைக்கூட வாங்காமல் அவனும் அவன் மனைவியும் போய்விட்டார்கள்.

“அந்தப் பிள்ள மாசமா இருக்காய்யா. நிக்கக்கூட மாட்டாம போனா.”

அவர் அவனுடைய புதிய எண்ணுக்கு மறுபடி மறுபடி அழைத்தார். அணைக்கப்பட்டிருந்தது. லோடுமேன் ஐஸ் கம்பெனிக்கு ஓடிப் போய் விசாரித்து வந்தார். கேரளம் என்றார் ஒருவர், சென்னை என்றார் இன்னொருவர். நான் முந்தைய நாள் யாரென்று சொல்லாமல் விட்டது போலவே அவர்களும் ஊர் சொல்லாமல் போயிருந்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் வராததால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரமே போய்விட்டாள். கொள்ளி நான் வைத்தேன். சிங்கப்பூரில் விடுப்பு கிடைக்கவில்லையா என்று சுடுகாட்டில் ஒருவர் கேட்டார். 

டீக்கடையில் நான் சொன்னது லாரிகளோடு ஊருக்கு வந்துவிட்டது. இப்போது வேறு பேசுகிறார்கள். காரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, சீட்டுக்கடியில் அரிவாள் வைத்துக்கொண்டு, அந்த இருவரையும் தீர்த்துக்கட்டப் போனேனாம்.

நான் காரில் போகவில்லை. திருச்சியிலும் மதுரையிலும் பஸ் மாறிப் போனேன். தனியாகப் போனேன். என் பையில் இருந்தவை ஒரு மாற்று வேட்டியும் என் மாத்திரைகளும் அவனுடைய படமும்தான்.