தாளில் ஒட்டி மறைத்த வார்த்தை

போன வாரம் மகளுக்கு வருமானச் சான்று வாங்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். ஆதார் நகல் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லா நகலும் சரியாக இருந்து ஒரே நடையில் வேலை முடிந்து வந்தவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வாங்கினேன். தாளின் சூடும் மை வாசமும் மூக்கில் ஏறின. உங்களுக்கெல்லாம் அது ஜெராக்ஸ் வாசம். எனக்கு அது பாரசீக மொழியின் வாசம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அதே ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சங்கராபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயந்திர பஸ்ஸில் திரும்புவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைவிடப் பெரிய தலைக்கனம் ஒட்டு வேலையில். டியூஷன் வாத்தியார்கள் விடையோடு வினாத்தாள் கொண்டுவருவார்கள். விடையின் மேல் வெள்ளைத் துண்டை ஒட்டி நகல் எடுத்தால் அங்கே ஏதோ இருந்தது என்கிற தடமே தெரியாது. ஊரிலேயே என்னைப் போல ஒட்ட ஆளில்லை என்று முதலாளி சொல்வார்.

கடைக்கு மேல்மாடியில் இருந்தவரைத் துபாய்க்காரர் என்று கூப்பிடுவோம். அவர் துபாயைப் பார்த்ததே இல்லை. ஈரானில் ஏதோ துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் கடல் தாண்டினவர் எல்லோரும் துபாய்க்காரர்தான். முப்பது வயதிருக்கும், எப்போதும் செண்டு வாசம் அடிக்கும். ஈரானில் கட்டட வேலைக்கு என்று எட்டுப் பேரைச் சேர்த்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து ஐந்து பேர், மணலூர்பேட்டைப் பக்கம் இரண்டு பேர். எட்டாவது ஆள் என் அண்ணன் செல்வம்.

போவதற்குள் எல்லோரும் அந்த ஊர்ப் பாரசீகத்தில் நாலு வார்த்தை பேசக் கற்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு வைத்தார். அவர் வாயால் சொல்வார், நான் தமிழ் எழுத்தில் எழுதி எட்டு நகல் போட்டுத் தருவேன். வணக்கத்துக்கு சலாம். தண்ணீருக்கு ஆப். ரொட்டிக்கு நான். "நான்னு சொன்னா சோறு வரும், கெட்டிக்கார பாஷடா" என்று அண்ணன் சொல்ல, மாடியே சிரித்தது.

அண்ணன் கரும்பு வெட்டப் போகிறவன். அந்த மொழியில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது, வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் சொல்லும் ஒரு மரியாதை வார்த்தை. கஸ்தே நபாஷீத். களைத்துப் போகாமல் இருங்கள் என்று அர்த்தமாம். "நமக்கு யாருனா இப்படி சொல்லியிருக்காங்களா பாப்பா?" என்று கேட்டான். மறுநாளே தோட்டத்தில் வெட்டுக்காரர்களைப் பார்த்து அதைச் சத்தமாகச் சொல்லி, புதுக் கெட்ட வார்த்தையோ என்று அவர்கள் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார்களாம். இவ்வளவு நல்ல மரியாதை பேசுகிற ஊரில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு வார்த்தைகள் ஒரு மாதிரி மாறின. தாகமாக இருக்கிறது என்பதற்கு ஒன்று. பசிக்கிறது என்பதற்கு ஒன்று. எனக்குத் தெரியாது என்பதற்கு நெமிதூனம். போலீஸ் எது கேட்டாலும் இது ஒன்றே போதும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நஸன்னு எழுதிக்கோம்மா" என்றார்.

"அப்படின்னா இன்னாங்க?"

"அடிக்காதீங்கன்னு."

என் பேனா நின்றுவிட்டது. "அது எதுக்குங்க?"

"சும்மா இருக்கட்டுமே" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலைக்காரர்களில் மூத்தவர் சின்னையன் மட்டும் அந்த வார்த்தையை மெதுவாக மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதினேன், முத்து முத்தாகத்தான் எழுதினேன்.

கடைசி வகுப்புக்குக் கேள்வி வார்த்தைகள். துபாய்க்காரரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து நல்லதாக எழுதினேன், வாய்விட்டுப் படித்துக்கொண்டே. என்ன என்பதற்கு சீ. யார் என்பதற்கு கீ. எப்போது என்பதற்கு கெய். எங்கே என்பதற்கு கொஜா. அம்மா முறத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கன்னா? பொறப்படற புள்ள முன்னால அந்தப் பேச்சா?"

எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வார்த்தை பாரசீகத்தில் இருந்தால் மட்டும் தோஷம் இல்லாமல் போய்விடுமா என்பது அம்மாவின் கட்சி. மறுநாள் மாடியில் போய்ச் சொன்னேன். "எங்க மலையிலயும் அப்படித்தாங்க. எடுத்துட்டா நல்லது" என்றார் சின்னையன். துபாய்க்காரருக்கு ஒரே சிரிப்பு. "நீங்க எதுக்கு கேக்கணும்? கம்பெனி வண்டி வந்து கூட்டிக்கினு போவும்" என்றார்.

எல்லோருக்கும் சம்மதம். வெள்ளைத் துண்டு வெட்டி, கோந்து தடவி, அந்த வரியின் மேல் ஒட்டினேன். எட்டு நகலிலும் கெய்க்குக் கீழே வெறும் வெள்ளை. தடமே தெரியவில்லை.

புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் எட்டுக் குடும்பமும் நின்றோம். அண்ணனின் விசாத் தாளை நான்தான் நகல் எடுத்திருந்தேன். அதில் ஊர்ப் பெயர் பாரசீக எழுத்தில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த ஊர், யார் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். எட்டு வீட்டுப் பெண்கள் திருநீறு பூசி அனுப்பினோம், ஒருத்தி கேட்கவில்லை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், நானும் கேட்கவில்லை. இன்றுவரை என்னை நான் மன்னிக்காதது இதற்குத்தான்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான நம்பரிலிருந்து போன் வந்தது. குரலே மாறியிருந்தது.

"பாப்பா, என்னை மட்டும் எறக்கி வேற எடத்துக்கு கூட்டிக்கினு வந்துட்டானுங்க. பாஸ்போர்ட்டு கூட்டிக்கினு வந்தவன்கிட்ட கீது. இது இன்னா ஊருன்னே தெரியல."

"யாரையாச்சும் கேளுண்ணா!"

"தண்ணி எடுத்துக்கினு ஒரு பெரியவர் வருவாரு. நல்ல மனுசன். கைய காட்டி கேட்டா சிரிச்சுட்டு போயிடறாரு. எங்கன்றதுக்கு இன்னா சொல்லணும்? உன் தாள்ல தேடிப் பாத்தேன் பாப்பா, இல்லியே."

சீ வந்தது. கீ வந்தது. கெய் வந்தது. நாலாவது வார்த்தை வரவில்லை. வீட்டில் எழுதியவள் நான், ஒட்டியவள் நான், எனக்கே மறந்துவிட்டது. மூலத்தாள் பூட்டிய கடைக்குள் இருக்கிறது. "இரு, இரு, சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அரை மணி கழித்துக் குழாயடியில் குடம் நிரம்பும்போது வந்தது, கொஜா. அந்த நம்பருக்கு எத்தனையோ முறை போட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

துபாய்க்காரர் மாடியைக் காலி செய்து போயிருந்தார். அப்போது எங்களுக்கு மாவட்டம் விழுப்புரம். அங்கே மனு கொடுக்கப் போனோம். மனுவை வாங்கியவர் முதலில் கேட்டது, "ஈரான்ல எந்த ஊருக்கும்மா போனாரு?" என்றுதான்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "பொறப்படும்போது எங்கன்னு கேக்கக் கூடாதுங்களே, சார்."



இரண்டு வருஷத்தில் மற்ற ஏழு பேரும் திரும்பி வந்தார்கள், பாதி உடம்பாக. சின்னையன் மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒரே வேன்லதாங்க போனோம். வழியில செல்வத்தை மட்டும் எறக்கினாங்க. எங்க எறக்கறீங்கன்னு கேக்க வாயில வார்த்தை இல்லீங்க" என்றார். தப்பு அவருடையது போல என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஜெராக்ஸ் கடை இப்போது செல்போன் கவர் விற்கிற கடை. மாடிப்படியை இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள், கடைசி காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் யாரைப் பார்த்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, "எங்கருந்து வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்புகிறவரைக் கேட்காத வழக்கமும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. மகள் செருப்பு மாட்டும்போதே "எங்கடி போற?" என்று தெரு கேட்கக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி முகம் சுளிக்கிறாள், சுளிக்கட்டும்.

சான்றுக்கு அலைந்துவிட்டு வந்த அன்று பீரோவைத் திறந்து அந்த மூலத்தாளை எடுத்தேன். கடையை விட்டு வரும்போது கேட்டு வாங்கி வந்தது. கோந்து காய்ந்து வெள்ளைத் துண்டு எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது. கெய்க்குக் கீழே, என் முத்து முத்தான எழுத்தில், கொஜா இருக்கிறது. என் அண்ணன் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.