விமானம் அனுப்பிய நேரம்

மதுரை விமான நிலையத்தில் நானும் என் நண்பனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த, விமானப் பழுது பார்க்கும் டெக்னீஷியன்கள். பறக்கும்போதே கோளாறு வந்தால், விமானத்தின் கணினி கிரீன்விச் நேரத்தைக் குறித்து எங்களுக்குச் செய்தி அனுப்பிவிடும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். அது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஒரே ஷிப்டில் காலையில் நானும் பிற்பகலில் அவனும் செய்திகளைக் கவனிப்போம். அன்று பிற்பகல் அவன் டூட்டியில் வந்த செய்தியைப் பார்க்காமலே விமானத்தை அனுப்பிவிட்டான். சென்னையில் கோளாறைக் கண்டு அதை நிறுத்திவிட்டார்கள். புதிய மேலாளர் செய்தியிலிருந்த ஒன்பதரையைப் பார்த்து, "காலையில யாரு டூட்டி?" என்றார்.

"இவன்தான் சார்" என்று என்னைக் காட்டினான்.

ஐந்தரையைக் கூட்டினால் பிற்பகல் மூன்று என்று நான் கணக்கைச் சொன்னேன். திட்டு அவனுக்கு விழுந்தது.

தினமும் என்னை ஒத்தக்கடையில் இறக்கிவிடும் வண்டியை எடுத்தபடி, "எனக்காக இம்புட்டுகூட வாங்கிக்க மாட்டியா மாப்ள? சரி, ஏறு" என்றான், கழுத்தை அறுத்தவன் நான் என்பதுபோல.