கேப்ஸ்யூலில் மிச்சமிருந்த தூள்

கம்பவுண்டர் தேவராஜ் இறந்த செய்தியைக் காவாந்தண்டலம் கன்னியம்மாள்தான் கொண்டுவந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்தவர், கிளினிக் வாசலிலேயே நின்று, "நம்ம கம்பவுண்டரு பூட்டாரு சார். காபி குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். அன்று அதற்குமேல் என்னால் நோயாளிகளைப் பார்க்க முடியவில்லை.

உத்திரமேரூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் சிடுசிடுத்தால், "டாக்டருக்கு இன்னும் நாஷ்டா ஆவல, கோச்சிக்காதீங்க" என்று சமாளித்துவிடுவார்.

கன்னியம்மாளுக்குக் களத்துத் தூசி ஆகாது. அறுவடை வந்தால் இழுப்பும் வந்துவிடும். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. அப்போது புதிதாக வந்திருந்த, கேப்ஸ்யூலில் ஓட்டை போட்டுத் தூளை உறிஞ்சும் கருவியைக் கொடுத்தேன். மெதுவாக இழுக்கச் சொல்லும்படி தேவராஜிடம் சொன்னேன். வாயில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேக்குச் சொல்வதையே இதற்கும் சொன்ன அவசரக்காரன் நான். ஒரு மாதமாகியும் இழுப்பு அடங்கவில்லை.

"மருந்து ஒத்துக்கல. களத்து வேலையை விட்டுடும்மா" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரும் வழக்கத்தில், காலி கேப்ஸ்யூல்களையும் முந்தானையில் முடிந்து வந்திருந்தார். தேவராஜ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். பாதித் தூள் அப்படியே இருந்தது. ஸ்பிரேயில் மருந்து தானாகப் பீறி வரும். இதில் நோயாளியின் மூச்சுதான் தூளைக் கிளப்ப வேண்டும். காற்றை அதிகம் தடுக்காத கருவி அது. மெல்ல இழுத்தால் காற்று மட்டும் வந்துவிடும்.

"நெல்லு தூத்தசொல்லோ காத்து மந்தமா இருந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டார் தேவராஜ்.

"பதரு நெல்லு மேலயே வுழும்."

"அதேதான். எடுத்த எடுப்புலயே வேகமா இழு. தப்பு என்னுதும்மா, நான்தான் மெதுவான்னு சொல்லிட்டேன்."

நான் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டேன். அந்தப் போகம் முழுக்கக் கன்னியம்மாள் களத்தில் நின்றார்.

அன்றுமுதல் யாருக்குக் கருவி கொடுத்தாலும் என் எதிரே ஒருமுறை இழுக்கச் சொல்லி, கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்க்கிறேன். தேவராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம். அவருக்கு நன்றி சொன்னேனா என்றால், இல்லை. வெட்கமாக இருக்கிறது.

அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் கன்னியம்மாளிடம் சொன்னேன்: "அன்னிக்கு மெதுவா இழுக்கச் சொன்னது நான்தாம்மா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். உங்க மூஞ்சியப் பாக்காமயே பேசினாரே, அப்பவே தெரிஞ்சிச்சி."