ஆறவிடாத தண்ணீர்

எங்கள் ஜட்காக் குதிரைக்கு இடது மூக்கில் மட்டும் சளி ஒழுகியது. கிட்டே போனால் குடலைப் புரட்டும் நாற்றம். எருமப்பட்டியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு புண்ணியவான், இது தொற்றுநோய், சர்க்கார் ஆள் வந்தால் சுட்டுவிடுவான் என்று கிளப்பிவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையில்லாத எங்களுக்கு அந்தக் குதிரைதான் எல்லாம்.

பயந்துகொண்டேதான் நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்குப் பிடித்துப் போனார். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முகத்தின் இரண்டு பக்கமும் விரலால் தட்டிப் பார்த்தாராம். வலப்பக்கம் வெறுங்குடம் போல ஒலித்தது, இடப்பக்கம் மொத்தென்றது. ஊசி போட்டும் சோதித்துவிட்டு, தொற்றுநோய் இல்லை, எலும்புப் பொந்தில் சீழ் கட்டியிருக்கிறது என்றார். கண்ணுக்குக் கீழே எலும்பில் காலணா அகலத்துக்குத் துளைபோட்டுச் சீழை எடுத்தார். தினமும் அந்தத் துளை வழியாக வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். அனுப்பும்போது, "நான் சொல்ற வரைக்கும் ஆறவிடாதீங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடம், "தண்ணிய ஆற உட்ராத புள்ள" என்றார். நான் அடுப்பை அணைக்கவே இல்லை. பானையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடுவேன். இவர் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுத்தான் குதிரைக்கு விடுவார். துளையின் ஓரத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். அது சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் மூடியும் போனது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.

மறுபடி நாற்றம் வந்தது. முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. கொள்ளு வைத்தால் குதிரை தொடவில்லை. டாக்டரைக் கொட்டகைக்கே அழைத்து வந்தோம். மூடிய இடத்தைத் தடவிப் பார்த்தவர், இதை ஏன் ஆறவிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஒருநாளும் ஆற உடலீங்க சாமி. தண்ணி சூடாத்தானுங்க இருந்துச்சு."

டாக்டர், தான் சொன்னது தண்ணீரை அல்ல, புண்ணை என்றார். உள்ளே சுத்தமாகும்வரை துளை மூடியிருக்கக் கூடாதாம். இன்னொரு துளையைத் தாங்கும் வலு குதிரைக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றும் தீரவில்லை. புண்ணு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

மறுநாள் காலை, கை பழக்கத்தில் தண்ணீர் காய்ச்சி எடுத்துப் போய்விட்டேன். பானையைக் கண்டதும் குதிரை தட்டுத்தடுமாறி எழுந்து, இவர் முன்னால் முகத்தைத் தாழ்த்தி நின்றது. ஊற்றத்தான் இடமில்லை. இவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அது எழவில்லை.