அடையாற்றுப் பாலமும் சில மின்னஞ்சல்களும்

என் மனைவி இறந்து சில மாதங்கள் கழித்துத்தான் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மயிலாப்பூரிலிருந்து அடையாற்றில் இருந்த அலுவலகத்துக்குப் பேருந்தில் போவேன். பேருந்து பாலத்தில் ஏறியதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். அவளைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனதும் அதே பாலத்தின் வழியாகத்தான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாரடைப்பு என்றே நம்பினேன்.

டாக்டர் சோதித்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு சார். மனசுக்குத்தான் யாரையாவது பார்க்கணும்" என்றார். மனநல மருத்துவர் வீட்டு வாசலில் என்னைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், மாட வீதி முழுக்கச் செய்தி போய்விடும். நான் போகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். குளிக்கக்கூடத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இருந்த என் மச்சினன் தொலைபேசியில் பேசினான்.

"ஆத்துலயே படுத்துண்டு கெடந்தா எப்படி அத்திம்பேர்? இங்க ஒரு தமிழ் அம்மா இருக்கா. மனோதத்துவம் படிச்சவா. இமெயில்ல எழுதினா பதில் போடுவா. யாருக்கும் தெரியாது."

"எழுதினா துக்கம் போயிடுமாடா?"

"போகாது. எழுதித்தான் பாருங்கோளேன்."

தி.நகரில் ஒரு பாய் தன் துணிக்கடையின் பின்பாதியைத் தடுத்து, காசுக்கு இன்டர்நெட் பார்க்க இரண்டு கணினிகள் போட்டிருந்தார். அவரே எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார். ஒற்றை விரலால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். அந்த அம்மாளும் அப்படியே பதில் எழுதினார். அதை வெறுமனே கண்ணால் படித்தால் புரியாது. வாய்க்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். அதனால் அவர் சொன்னதெல்லாம் என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

முதல் கடிதத்தில் நோயைப் பற்றி, மருந்துகளைப் பற்றி, துக்கம் கேட்க வந்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பதில் சிறியது. "நோயைப் பற்றித் தெரிந்துகொண்டேன். உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவர் எப்படிச் சிரிப்பார்?"

அவளுக்கு மெதுவாகச் சிரிக்கத் தெரியாது. கச்சேரியில் பாடகர் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள், அப்படியும் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டு அழுதுவிட்டேன். மயானத்தில் அழாதவன் நான். தைரியசாலி என்று பெயர் வாங்கியவன்.

தடுப்புக்கு வெளியே யாரோ வந்திருந்தார்கள்.

"இன்னா பாய், சிஸ்டம் காலியா கீதா?"

"லைன் கட்டாயிடுச்சு நைனா. அப்பால வா."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. பாய் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிறகு துணிகளை மடிக்கப் போய்விட்டார்.

பிறகு வந்த கடிதம் ஒன்றில் அந்த அம்மாள் நேராகவே கேட்டிருந்தார்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சில நாள் தோன்றுகிறது என்று எழுதினேன். இதற்கு மின்னஞ்சல் போதாது, இந்த வாரமே அங்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் புடவை மாற்றிக்கொண்டு என்னுடன் கிளம்பினாள். மருத்துவரின் காத்திருப்பு அறையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார், நான் நாள்காட்டியைப் பார்த்தேன். இரண்டு பேருமே வெளியில் சொல்லவில்லை.

மாத்திரைகள் சில மாதங்கள் ஓடின. பாலத்துக்கு அந்த அம்மாள் ஒரு வழி சொன்னார். முதலில் பாலம் வரை போய்த் திரும்பினேன். அப்புறம் நடந்து பாதி தூரம். "பயம் வரும், வரட்டும். உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். இறங்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரு நாள் பேருந்திலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பயம் வந்தது. மறுகரையில் இறங்கவும் செய்தது. அதற்குப் பிறகும் சில நாள் பாதியில் இறங்கியிருக்கிறேன். ஆனாலும் மழைக்காலத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

கடிதங்கள் மெல்லக் குறைந்தன. மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை வருவதாகவும், விருப்பமிருந்தால் சந்திக்கலாம் என்றும் ஒருமுறை எழுதினார். யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதினேன். அதுவும் சரிதான் என்றார்.

மச்சினனுக்கு வருத்தம்.

"ஒரு நமஸ்காரமாவது பண்ணியிருக்கலாமே அத்திம்பேர்?"

"நேர்ல பாத்தா என்ன பேசறதுடா? எல்லாத்தையும் எழுதியாச்சு."