இடது கையில் இருந்த பெயர்

நீங்கள் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர் என்பது பின்னூட்டத்தின் நீளத்திலேயே தெரிந்துவிட்டது, தம்பி. "முகத்தை மூடத் தெரிந்த உமக்குக் கையை மூடத் தெரியாதா? சாட்சி சொல்ல வந்தவளைக் காட்டிக்கொடுத்துவிட்டீரே!" என்று போன பதிவில் நான் போட்ட படத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்வந்த வழியை முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். இப்படிச் சாட்சிகளைப் படம் எடுக்கக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் சிலர் இங்கே படிக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

ஐம்பதுகளின் தொடக்கம், அணா புழங்கிய காலம். பாம்பனில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ இருந்தது. சிலோன் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான் பிழைப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிடித்துப்போய் அதையே இரண்டு வருடம் படித்தேன்.

அந்தக் கோடையில், உத்தரகோசமங்கைக்குத் தெற்கே ஒரு ஊரில், ஊருணியில் தண்ணீர் எடுத்த குற்றத்துக்காகச் சேரியைப் பட்டப்பகலில் கொளுத்திவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் 'கூரைகள் எரிந்தன, உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். மதுரை வக்கீல் ஒருவர் வழக்குப் போட முயன்றார். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணின் தீப்புண்ணைப் படம் எடுத்துத் தரும்படி என்னிடம் வந்தார். முகம் படத்தில் விழக்கூடாது, பெயரை நான் கேட்கவே கூடாது என்றார். தெரியாத பெயரை அடித்தாலும் சொல்ல முடியாதல்லவா? முகத்தை மட்டுமே எடுத்துப் பழகியவனிடம் முகம் வேண்டாம் என்றதும் எனக்குக் கை ஓடவில்லை.

பாம்பனில் காலை ஐந்தரைக்கு ரயில். ராமநாதபுரம் இருபத்தேழு மைல், மூன்றாம் வகுப்புக்குப் பதினோரு அணா. அங்கிருந்து உத்தரகோசமங்கைக் கோயிலுக்கு பஸ், பதினொரு மைல், ஆறணா. அதற்குப் பிறகு மாட்டுவண்டி, பிறகு நடை. கோபுரத்தைப் படம் எடுக்க வந்தவன் என்று சொல்லிக்கொள்ள நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தேன். வண்டிக்காரர் என் கழுத்தையே பார்த்தார்.

"ஏலே, நெத்தில விபூதி, கழுத்துல செபமாலை. எந்தச் சாமிக்குப் பயந்து எந்தச் சாமிகிட்ட போற?"

"ரெண்டு சாமியும் பேசிக்கிறட்டும்னு விட்டுட்டேன், மாமா."

சிரித்தார். சிரிக்கிறவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவரோ இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

வக்கீல் சொல்லிவைத்திருந்த பனங்காட்டில், விறகு பொறுக்க வந்தவள் போல அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். "எம்மொகம் தெரியக் கூடாதுண்ணே. எம்புருசன் இன்னமும் அவுக வயல்லதேன் வேல செய்யுது" என்றாள். முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டாள். வெந்த வலது கை தானாக நிற்கவில்லை, இடது கையால் தாங்கிக்கொண்டாள். உச்சிவெயிலில் ஒரே ஒரு கண்ணாடி பிளேட் எடுத்தேன். அதைப் பையிலிருந்த சிலோன் பயணிகளின் பிளேட்டுகளுக்கு நடுவே மறைத்துச் சொருகிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அன்று மாலை பிளேட்டைக் கழுவும்போதுதான் பார்த்தேன். புண் நன்றாக விழுந்திருந்தது. அதைத் தாங்கிய இடது கையில், பச்சை குத்திய எழுத்துகள் அதைவிட நன்றாக விழுந்திருந்தன. ஒரு பெயர். ஐந்தாம் வகுப்புக்காரனும் எழுத்துக் கூட்டாமல் படிக்கலாம்.

பிளேட்டில் அந்த எழுத்தைச் சுரண்டலாமா என்று வக்கீலைக் கேட்டேன். சுரண்டிய படத்தை எதிர்த்தரப்பு ஜோடனை என்று தள்ளிவிடும் என்றார். திருத்தாத படமோ அவர்கள் கைக்குப் போகும்போது பெயரோடு போகும். ஆகவே எட்டாம் நாள் அதே ரயில், அதே வண்டி.

"என்னலே, மறுபடியும்?"

"கோபுரம் கோணலா விழுந்துருச்சு, மாமா."

"ஆயிரம் வருசமா நேரா நிக்கிது, ஒனக்கு மட்டும் கோணலா?"

இப்படிப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே ஊருக்கு இரண்டாம் முறை போவது முதல் முறையைவிட ஆபத்து, அதனால் முதல் முறையே நிதானமாகப் பாருங்கள். கை, கால், காது, பின்னால் தெரியும் சுவர் வரைக்கும் பாருங்கள். எடுத்த படத்தை வெளியே கொடுப்பதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண்ணும் புருஷனும் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

அதே பனங்காட்டில் படத்தை அவளிடம் நீட்டினேன்.

"தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. இங்கன பாரு, உம்பேரு தெரியுது."

உற்றுப் பார்த்தாள். "எம்பேரா? அண்ணனுக்குப் படிப்பு எம்புட்டு?"

"அஞ்சாப்பு."

"எனக்கு அதுவும் இல்ல. ஆனா எங்கையில என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும். இது எந்தங்கச்சி பேரு. சமையறதுக்கு முந்தி, கோயில் திருவிழாவுல குத்துனது. எங்கையில அவ, அவ கையில நானு."

"தங்கச்சி இப்ப எங்க இருக்கு?"

"எங்கன இருக்கும்? அவளத் தூக்கப் போயித்தேன் எனக்குக் கை வெந்துச்சு. பதினோரு நாள் கெடந்து செத்தா. காய்ச்சல்ல செத்தான்னு எழுதிட்டாக."

அவள் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் புண்ணும் அவ பேரும் ஒரே காயிதத்துல இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

"வெளங்காமப் பேசாத தங்கச்சி. இது அவுக வக்கீல் கைக்கும் போகும். யாரோட அக்கான்னு ஊர்ல கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிருவாக. நாளைக்கே ஒம்புருசன..."

"அது எங்க வீட்டுப் பேச்சு. அவருட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இன்னொரு பிளேட் கொண்டாந்துருக்கேன். ஒரு துணிய மட்டும் சுத்திக்க, இப்படி நில்லு..."

அவள் குனிந்து, இடது கையாலேயே விறகுக் கட்டைத் தலையில் ஏற்றினாள்.

"பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும் தங்கச்சி, வெயிலும் நல்லா..."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் வரப்பில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.