பேக்கரி வாசலில் அளந்த வேகம்

என் மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கியது ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் செய்த தப்புக்காக.

தொண்ணூறுகளின் கடைசி. செல்போனை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து ஃபைல் அனுப்பலாம் என்று எங்கள் கம்பெனி கோவை முழுக்க விளம்பரம் செய்திருந்தது. நொடிக்கு 9600 பிட். இதைக் கூச்சமில்லாமல் 'ஹைஸ்பீடு' என்றோம்.

எந்த ஏரியாவில் எவ்வளவு வேகம் வரும் என்பதைத் தலைமை அலுவலகம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டுச் சொல்லிவிடும். அதன் வரைபடத்தில் துடியலூர் முழுக்கப் பச்சை, அதாவது நல்ல வேகம். நேரில் போய் அளந்து, இரண்டையும் ஒப்பிடுவது என் வேலை. அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன்.

"ரெண்டும் டேலி ஆச்சுன்னா உனக்கு வேலை கன்ஃபர்ம் கண்ணு. ஆகுலீன்னா நீ அளந்ததுல தப்புன்னு அர்த்தம்" என்றார் மேனேஜர். இவ்வளவு தெளிவாக எந்தக் கல்லூரியிலும் எனக்கு யாரும் விஞ்ஞானம் சொல்லித் தந்ததில்லை.

வாடகை அம்பாசடர், டிரைவர் பழனிச்சாமி அண்ணன், என் மடியில் லேப்டாப். நொடிக்கு ஒரு வேக சாம்பிள், அளந்த இடத்தோடு சேர்த்து, தானாக லாக் ஃபைலில் பதிவாகும். எங்கள் கம்பெனி டவருக்கு நேர் கீழே ஒரு பேக்கரி இருந்தது. "ஏனுங் சார், ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்களா?" என்பார் அண்ணன். கோயமுத்தூரில் இந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று சொன்னவர் கிடையாது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் தேங்காய் பன்னோடு ஒன்று. லேப்டாப் அது பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சராசரி எடுத்தேன். சிமுலேஷனும் நிஜமும் அச்சாக ஒத்துப்போயின. கை குலுக்கல், கன்ஃபர்மேஷன் லெட்டர்.

அடுத்த வாரம் துடியலூரில் உள்ளே தள்ளி இருந்த ஒரு மில்லில் டெமோ. முதலாளிக்குப் பிடித்துவிட்டால் மில் முழுக்க எங்கள் கனெக்ஷன். ஒரு பக்க ஆர்டரை அனுப்பினோம். பாதியில் கட் ஆனது. மறுபடி அனுப்பினோம், மறுபடியும் கட். மேனேஜர் சீதோஷ்ணத்தைக் குறை சொன்னார்.

முதலாளி இளநீர் கொடுத்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எங்கதானுங்க நல்லா எடுக்கும்?" என்று கேட்டார்.

லேப்டாப்பில் அந்த லாக் ஃபைலைத் திறந்தேன். நல்ல சாம்பிள்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பேக்கரி வாசல்லங்க" என்றேன்.

"அப்பச் செரிங்க. மேசையத் தூக்கிட்டு நானும் அங்கயே வந்தர்றனுங்க. டீயாச்சும் கெடைக்கும்."

மில் கைவிட்டுப் போனது. மறுநாள் வண்டி நின்ற நேரத்து சாம்பிள்களை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடி சராசரி எடுத்தேன். துடியலூரின் பச்சையில் பாதியைக் காணோம். புது ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

"பழசு ஹெட் ஆபீஸ் போயிருச்சு கண்ணு. இத இப்ப யாரு கேட்டா?" என்றார் மேனேஜர். சாயங்காலமே மெமோ வந்தது, வேலை நேரத்தில் பேக்கரியில் நின்றதற்கு விளக்கம் கேட்டு. தப்பான ரிப்போர்ட்டுக்கு வேலை நிரந்தரமானது. சரியான ரிப்போர்ட்டுக்கு இது.

புதிதாக அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டி நின்றால் லாக் பதிவையும் நிறுத்துங்கள். சிமுலேஷனும் அளவும் அச்சாக ஒத்துப்போனால், யாருக்கும் கை கொடுப்பதற்கு முன், டீ எங்கே குடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.